இணைய வேலை மேளா: எந்த அறைக்குள் நுழைவது?

மேளா நடக்கும் நாளில் ஜெர்மனி, பிரிட்டன், சவூதி, கொச்சி, கோவை எல்லாம் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்து அறைகளாக வந்து நிற்கும். விரல் தொட்டால் ஒவ்வோர் அறையும் திறக்கும். அதனாலேயே கடைசி வருட நர்ஸிங் மாணவர்கள் பலர் இருக்கிற அறை எல்லாவற்றிலும் நுழைந்து, ஒரே பயோடேட்டாவைப் பல இடங்களில் போட்டுவிட்டு, எங்கும் ஐந்து நிமிடம் உருப்படியாகப் பேசாமல் வெளியே வந்துவிடுகிறார்கள். எந்த அறை என்பதை மேளாவுக்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கு இரண்டு அறை, மிஞ்சினால் மூன்று போதும்.

பாலக்காடு, இடுக்கி எல்லையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த முடிவில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை பக்கத்தவர்கள் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ படிக்கப் போகிறார்கள். மறையூரிலிருந்து உடுமலைப் பக்கம், வண்டிப்பெரியாறிலிருந்தும் நெடுங்கண்டத்திலிருந்தும் தேனி, மதுரை என்று போகிறார்கள். எஸ்எஸ்எல்சி கேரளத்தில், நர்ஸிங் டிகிரி தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில், பதிவு தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில். கேரளத்திலேயே படித்தவர்களுக்குத் திருச்சூர் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகமும் திருவனந்தபுரம் கவுன்சிலும். எந்தக் கவுன்சிலில் பெயர் இருக்கிறது என்பதே பல கதவுகளைத் திறக்கும், சிலவற்றை மூடும். தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியரை எடுக்கும்போது தமிழ்நாட்டுக் கவுன்சில் பதிவையும் தமிழறிவையும் கேட்கும். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்குக் கேரளக் கவுன்சில் பதிவு வேண்டும். கோவையில் படித்தவர் பாலக்காட்டில் வேலை பார்க்க நினைத்தால் பதிவை மாற்றும் வேலையை முதலில் தொடங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

இதைவிடப் பெரிய தலைவலி பெயர். நம்மவர்களின் இனிஷியல் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் விரிந்து அப்பா பெயராக வேறு மாதிரி இருக்கும். மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதில் ஓர் எழுத்து கூடியிருக்கும், தமிழிலிருந்து போனதில் ஓர் எழுத்து குறைந்திருக்கும். வளைகுடா நாடுகளுக்கான டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்பு இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். கேரள வில்லேஜ் ஆபீஸில் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் என்று ஒன்று கொடுப்பார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்பதற்கு அது ஆதாரம். அதை இப்போதே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் அட்டெஸ்டேஷன், எந்த மாநிலம் அதை வழங்கியதோ அந்த மாநிலத்தின் வழியாகத்தான் நடக்கும். எனவே உங்களில் பலருக்கு அது இரண்டு மாநில அலைச்சல்.

இனி மேளாவை நடத்துவது யார் என்பது. அரசு நிறுவனம், மருத்துவமனையே நேரடியாக, தனியார் ஏஜென்ட் என்று மூன்று வகையினர் வருவார்கள்.

கேரளத்தில் நோர்கா ரூட்ஸும் 1977 முதல் இயங்கும் ஓடெபெக்கும் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் அரசு நிறுவனங்கள். தமிழ்நாட்டில் 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓஎம்சிஎல் இருக்கிறது. தமிழ்நாட்டில் படித்தவர்கள் இதை மறந்துவிட்டு நோர்காவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. இரண்டு பக்கமும் பதிந்து வைப்பதில் நஷ்டமில்லை. அரசு வழியின் குறை, அது மெதுவாக நகரும். அறிவிப்பு எப்போது வரும் என்று தெரியாது, இடங்களும் குறைவு. ஆனால் பணம் பறிபோகாது. 2015-இல் குவைத் அரசு மருத்துவமனைகளுக்கு நர்ஸ்களை எடுத்தபோது, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய கொச்சி ஏஜென்சி ஒன்று தலைக்கு 19.5 லட்சம் வாங்கியதாக சிபிஐ வழக்குப் போட்டது. அதே ஆண்டு மத்திய அரசு, வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸ்களுக்கு இ-மைக்ரேட் தளம் வழியான குடிபெயர்வு அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஆளெடுப்பை நோர்கா, ஓடெபெக், ஓஎம்சிஎல் போன்ற அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. பத்தாவது பாஸானவர் என்பதால் உங்கள் பாஸ்போர்ட் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத இசிஎன்ஆர் வகையாக இருந்தாலும், நர்ஸாகப் போகும்போது இந்த அனுமதி உங்களுக்கும் வேண்டும். 'உனக்குத் தேவையில்லை, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

மற்ற நாடுகளுக்கு ஆளெடுக்கும் தனியார் ஏஜென்ட் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் 'பிராசஸிங்', 'டெபாசிட்' என்று என்ன பெயர் வைத்தாலும் அது சட்டப்படி வாங்கக்கூடியதல்ல. பிரிட்டன் சுகாதாரத் துறையின் ஆளெடுப்பு நெறிமுறையோ வேலைக்கு எடுப்பதற்காக நர்ஸிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது என்கிறது. பிரிட்டன் வேலைக்குப் பணம் கேட்டவர் அந்த ஒரு கேள்வியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

நாடுகளை ஒப்பிடும்போது சம்பளத்தை மட்டும் பார்க்கிறோம். தயாரிப்புக்கு எத்தனை மாதம், அதுவரை வீட்டுக் கடன் எப்படி ஓடும், அங்கே போனபின் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அனுபவம் இல்லாமல் படிப்பை முடித்த கையோடு போக நினைப்பவர்களுக்கு ஜெர்மனி பக்கத்தில் இருக்கிறது. 2021 டிசம்பரில் நோர்கா ரூட்ஸ் ஜெர்மன் அரசு அமைப்புகளோடு கையெழுத்திட்ட டிரிபிள் வின் திட்டத்தில் பி1 வரை ஜெர்மன் மொழிப் பயிற்சி இலவசம். மேற்கொண்டு பி2 அங்கே போய். ஆனால் மொழி விளையாட்டல்ல. பி1 எட்டவே ஏழெட்டு மாதம் முழுநேரமாகப் படிக்க வேண்டும். அங்கே போன பிறகும் உங்கள் படிப்பு அங்கீகரிக்கப்படும்வரை உதவிப் பணியாளர் நிலையும் அதற்கான சம்பளமும்தான். இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: இங்கே வீட்டாரும் அட்டெண்டரும் செய்கிற குளிப்பாட்டுதல், ஊட்டுதல், எழுப்பி நடக்க வைத்தல் எல்லாம் அங்கே நர்ஸின் அன்றாட வேலை. அதை மனதார ஏற்கக்கூடியவர்கள் அங்கே நிலைத்து நிற்பார்கள். ஐசியு கனவோடு போகிறவர்கள் முதல் வருடம் அழுவார்கள். பேட்டியில் இதைப் பற்றியே கேட்பார்கள், தயாராக இருங்கள்.

பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். ஓஇடி என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். கட்டணம் ஓஇடிக்குக் கூடுதல். ஆனால் கேள்விகள் மருத்துவமனைச் சூழலிலேயே இருப்பதால் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு அதுதான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன். இரண்டின் மதிப்பெண்ணும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். இரண்டாம் வருடத்திலேயே எழுதித் தள்ளிவிட்டு, பதிவு கைக்கு வரும்போது மதிப்பெண் காலாவதியாகி விழிக்காதீர்கள். கடைசி வருடம் முடியும் தறுவாயில் எழுதுவதே கணக்கு. 2022 நவம்பரில் கொச்சியில் நோர்கா நடத்திய பிரிட்டன் வேலை மேளாவும் 2024 மார்ச்சில் வேல்ஸ் அரசோடு செய்த ஒப்பந்தமும் இந்த வழியைத் திறந்தன. அண்மையில் பிரிட்டனின் ஆளெடுப்பு சுருங்கியிருப்பதால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது சரியல்ல.

வளைகுடாவில் பெரும்பாலும் ஓராண்டோ ஈராண்டோ அனுபவம் கேட்பார்கள், புரோமெட்ரிக் தேர்வும் உண்டு. மாணவராக இருக்கும்போது அந்த அறையில் நேரம் செலவிடுவது வீண். சிங்கப்பூர் அறை இருந்தால் எட்டிப் பாருங்கள். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாட்டில், வயதான தமிழ் நோயாளியிடம் அவர் மொழியில் பேசத் தெரிவது உண்மையான தகுதி.

உள்நாட்டை இளக்காரமாக நினைக்க வேண்டாம். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வு 2020 முதல் நடக்கிறது. பிஎஸ்சி நர்ஸிங் முடித்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜிஎன்எம் டிப்ளமா என்றால் 50 படுக்கை மருத்துவமனையில் ஈராண்டு அனுபவம் தேவை. தனியாரில், கேரள அரசு 2018-இல் நர்ஸ்களின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 20,000 ரூபாய் ஆக்கியது நர்ஸ்கள் தெருவில் இறங்கிப் போராடியதன் பலன். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள மருத்துவமனைக்கு அந்த உத்தரவு செல்லாது என்பதால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவையும் பாலக்காடும் பக்கம்தானே என்று நினைத்து முடிவு செய்யாதீர்கள். சம்பளத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடன் நெருக்காத குடும்பம் என்றால் என் யோசனை இதுதான்: பெரிய மருத்துவமனை ஒன்றில், வார்டு நிறைய நோயாளிகள் வரும் இடத்தில், ஒன்றரை வருடம் வேலை, மாலையில் மொழிப் படிப்பு. அந்த அனுபவம் ஜெர்மனியிலும் வளைகுடாவிலும் உதவும். கடன் நெருக்கினால் இலவச மொழிப் பயிற்சி தரும் அரசுத் திட்டத்தை முதலில் தட்டுங்கள்.

இணையப் பேட்டிக்கு எங்கே உட்கார்ந்து பேசுவது? மலையில் இது சின்ன விஷயமல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடி மண்சரிவில் 70 பேர் மாண்டபோது, மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாமல் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. அந்த மலைகளிலிருந்து வரும் பிள்ளையிடம் 'நல்ல நெட் உள்ள இடமாகப் பார்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. லயத்து வீட்டில் தகரக் கூரை மீது மழை விழுந்தால் உங்கள் குரல் எதிர்முனைக்குப் போகாது, நெட் இருந்தாலும். அக்ஷயா மையம் சான்றிதழ் ஸ்கேன் செய்யவும் விண்ணப்பம் போடவும் மிக நல்ல இடம்; பேட்டிக்கு ஆகாது, பின்னால் ரேஷன் கார்டுக்கு வரிசை நிற்கும். கல்லூரிக் கணினி அறை, அல்லது மூணாறு, கட்டப்பனை, சித்தூர் டவுனில் ஃபைபர் இணைப்பும் இன்வர்ட்டரும் உள்ள உறவினர் வீடு, இவை இரண்டில் ஒன்று. கல்லூரி என்றால் பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்துத் தனி அறை கேளுங்கள். டவுன் வீட்டை எடுத்துக்கொண்டால் முந்தைய நாளே போய்த் தங்குங்கள்.

நேரத்தையும் பாருங்கள். ஜூனில் லண்டன் காலை 10 மணி நமக்குப் பகல் 2.30, நவம்பரில் அதுவே 3.30. ஐப்பசியில் இடுக்கி மலையில் பிற்பகல் இரண்டுக்குப் பின் இடி இறங்காத நாள் குறைவு. பிற்பகலில் பேட்டி என்றால் லேப்டாப்பில் முழு சார்ஜ், போனில் வேறு கம்பெனி சிம் ஹாட்ஸ்பாட், இரண்டும் கையிலிருக்க வேண்டும். காலைப் பொழுது கேட்டால் கிடைக்கும் இடத்தில் கேட்கத் தயங்காதீர்கள்.

பேட்டியில் மனப்பாடம் செய்த சுயஅறிமுகம் யாருக்கும் தேவையில்லை. 'தவறான மருந்து கொடுத்துவிட்டதாகத் தெரிந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்பார்கள். நோயாளியின் நிலையைப் பார்ப்பேன், டாக்டருக்கும் பொறுப்பு நர்ஸுக்கும் உடனே சொல்வேன், பதிவேட்டில் எழுதுவேன், மறைக்க மாட்டேன் என்ற வரிசையில் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த ஒரு கேஸை நோயாளியின் பெயர் சொல்லாமல் மூன்று நிமிடத்தில் விவரிக்கப் பழகுங்கள். எஸ்டேட்டிலிருந்து வந்த தமிழ் பேசும் பாட்டிக்கும் மலையாளம் மட்டுமே தெரிந்த டாக்டருக்கும் நடுவில் நின்று நீங்கள் பேசியிருப்பீர்கள். அதை எல்லைப் பிள்ளைகள் பெரும்பாலும் தகுதியாகவே எண்ணுவதில்லை. மொழி தெரியாத நோயாளியைப் பாதுகாப்பாகக் கவனிக்கத் தெரிந்தவர் என்பது எந்த நாட்டு மருத்துவமனையும் தேடும் குணம். பயோடேட்டாவில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளையும் மேலே எழுதுங்கள்.

பேட்டி முடியும்போது நீங்களும் கேளுங்கள்: பாண்டு உண்டா, எத்தனை மாதம், ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா, விமானச் செலவு யாருடையது, இரவு ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ். ஒரிஜினலை வைத்துக்கொள்வோம் என்பவர்களுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஃபர் லெட்டர் வந்த அன்றே கையெழுத்துக் கேட்டால் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த இரண்டு நாளில் நிறுவனத்தின் பெயரை இ-மைக்ரேட்டிலும், சந்தேகம் இருந்தால் நோர்கா அலுவலகத்திலும் சரிபாருங்கள்.