சிகரெட்டில் நிகோடின் அளவு: வணிகர் அறிய வேண்டியவை

புளி வாங்க வருபவர் இன்று இல்லையென்றால் நாளை வருவார். சிகரெட் வாங்குபவர் நாம் கடை திறக்கும் முன்பே வந்து நிற்பார். அவரை இழுத்து வருவது புகையிலையிலுள்ள நிகோடின். அதன் அளவைச் சட்டத்தால் குறைத்தால் அடிமைத்தனம் குறையுமா என்பதை இவ்விதழில் காண்போம்.

2003-ஆம் ஆண்டு சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பெட்டியின் மேல் நிகோடின், தார் அளவுகளையும் அவற்றின் உச்ச வரம்பையும் குறிக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டம் வந்து இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த வரம்பு எத்தனை மில்லிகிராம் என்று விதிக்கப்படவில்லை.

வரம்பு வைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புகையில் வரும் நிகோடினை அளப்பது. 'லைட்' சிகரெட்டின் பில்டரில் உள்ள நுண்துளைகள் வழியே காற்று கலப்பதால் இயந்திரச் சோதனையில் அளவு குறைவாகத் தெரியும். பிடிப்பவரோ விரலாலும் உதட்டாலும் துளைகளை மூடி, ஆழமாக இழுத்து, வேண்டியதைப் பெற்றுவிடுகிறார். "இது லைட், ஒன்றும் செய்யாது" என்று நாமும் சொல்லி விற்றிருக்கிறோம். அது தவறு.

இரண்டாவது, புகையிலையிலேயே நிகோடினைக் குறைப்பது. அப்போது எவ்வளவு இழுத்தாலும் கிடைக்காது. சாதாரண சிகரெட்டில் ஒரு கிராம் புகையிலைக்குச் சுமார் 16 மில்லிகிராம் நிகோடின் உண்டு. 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 840 பேர் ஆறு வாரம் பங்கேற்றனர். சாதாரண அளவு பெற்றவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 சிகரெட்டும், 0.4 மில்லிகிராம் பெற்றவர்கள் 15-ம் பிடித்தனர். அந்நாட்டு அரசு 2025 ஜனவரியில் 0.7 மில்லிகிராம் வரம்பை முன்மொழிந்தது. நியூசிலாந்து 2022-இல் இத்தகைய சட்டம் இயற்றி, அது நடைமுறைக்கு வரும் முன்பே 2024-இல் திரும்பப் பெற்றது.

நிகோடின் குறைந்தாலும் புகையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவதில்லை. பழக்கத்தை விடுவது எளிதாகும் என்பதே இதன் பயன்.

நம் தருமபுரி மாவட்டத்துக்கு ஒன்று முக்கியம். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 7.7 சதவீதத்தினர் பீடியும், 4 சதவீதத்தினர் சிகரெட்டும் பிடிக்கின்றனர். சிகரெட்டுக்கு மட்டும் வரம்பு வந்தால், அரூரிலும் பென்னாகரத்திலும் வாடிக்கையாளர் பீடிக் கட்டுக்கு மாறுவார். பீடிக்கும் சேர்த்து வரம்பு வேண்டும் என்பதே நம் கருத்து.

விற்பனை குறையுமே என்பீர்கள். குறையும். ஆயினும் புகையில் போகாத காசு அரிசிக்கும் பருப்புக்கும் நம் கடைக்கே வரும்.

வரம்பு வரும்வரை நாம் செய்ய வேண்டியவை:

1. 18 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் எவருக்கும் விற்கக் கூடாது.
2. எந்த சிகரெட்டையும் 'தீங்கு குறைவு' என்று சொல்லக் கூடாது.
3. விட விரும்புபவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் காட்டலாம்.