கொட்டில் வாடகைக்கு விட நினைக்கும் பிள்ளைகளுக்கு

கடற்கரையில் சும்மா கிடக்கும் காணியில் ஓலைக் கொட்டில் போட்டு, கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் வருகிறவர்களுக்கு விட்டால் என்ன என்று மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் நாலைந்து பேர் கேட்கிறீர்கள். விடலாம். கரண்ட் இல்லையே என்பதுதான் உங்கள் எல்லாருக்கும் கவலை. நான் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

1. மாரி மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் பாலாடைபோல மிதக்கிறது. நம் கிணறுகளின் நல்ல தண்ணீர் அதுதான். கடல் மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு அந்த ஓரடியை இறைத்துவிட்டால் உப்பு மேலேறும். ஏறியது ஒரு மாரியில் இறங்கிவிடாது. ஆகவே ஷவர் வேண்டாம், வாளியும் கோப்பையும் போதும். வருகிறவர் முதல் நாள் முகம் சுளிப்பார், மறுநாள் பழகிவிடுவார். குடிக்கப் போத்தல் தண்ணீர் வையுங்கள். மலக்குழியைக் கிணற்றில் இருந்து 100 அடியாவது தள்ளி வெட்டுங்கள். மணல் எதையும் மறித்து வைக்காது.

2. கிணற்றுக்கு மூடி போடுங்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. அதே வருட முடிவில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு நம் மன்னார்த் தீவில் பிடிபட்டது. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் அது முட்டையிட விரும்பும் இடங்கள். கட்டிலுக்கு வலை கட்டுவது அதற்குப் பிறகுதான்.

3. கடல் வரம்பில் இருந்து 300 மீட்டருக்குள் எதைக் கட்டுவதானாலும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஓலைதானே என்று சமாளிக்காதீர்கள்.

4. கரைவலை இழுக்கும் பாட்டில் கொட்டிலும் வேண்டாம், சாய்கதிரையும் வேண்டாம். கயிறு போகிற வழி வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குத் தெரியும். அவரிடம் கேட்டுவிட்டு முளை அடியுங்கள். விருந்தாளிக்கு வலை இழுப்பதைப் பார்க்க ஆசை வரும். பார்க்கட்டும், ஒரு கை கொடுத்தாலும் நல்லது. மீனைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லுங்கள்.

5. நம் தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. அந்தக் கரண்ட் நடுக்குடா துணைமின்நிலையம் வழியாக நாட்டுக்குப் போகிறது, உங்கள் கொட்டிலுக்கு வராது. உங்களுக்குச் சோலர்தான். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றறியில் 1,200 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் எடுத்தால் பற்றறி சீக்கிரம் செத்துவிடும். மிஞ்சும் 600இல், 25 வாட் டிசி ஃபேன் பத்து மணி நேரம் சுற்ற 250, மூன்று பல்புக்கு 75, பிறகு போன்கள். தாராளம்தான். ஆனால் யாராவது 1,500 வாட் கேத்தலைச் செருகினால் கால்மணி நேரத்தில் 375 போய்விடும். கேத்தல், முடி உலர்த்தி, அயன்பெட்டி கூடாது என்று முற்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் சண்டைதான். பற்றறி முனைகளில் வாஸ்லின் பூசுங்கள். உப்புக்காற்று பச்சையாகப் பூக்கவைத்துவிடும். சோலர்ப் பலகையைக் காலையில், சூடேறுமுன் ஈரத்துணியால் துடையுங்கள்.

6. வாசலைத் தென்மேற்கே வைக்காதீர்கள். வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை சோளகக் காற்று சோற்றுக்கோப்பை வரைக்கும் மணலைக் கொண்டுவரும். அந்த மாதங்களில் கைட் விளையாடுகிறவர்கள் சந்தோஷமாக வருவார்கள்; குழந்தைகளோடு வருகிறவர்களைத் தை, மாசிக்கு வரச் சொல்லுங்கள். அப்போது இந்தப் பக்கக் கடல் அடங்கியிருக்கும், வங்காலைப் பக்கம் பூநாரையும் பார்க்கலாம்.

7. ஓலைக்குள் மெழுகுதிரி வேண்டவே வேண்டாம். அடுப்பு வெளியே, காற்று மறைப்போடு இருக்கட்டும்.

8. குப்பையைப் பையில் கட்டி வாசலில் வைத்தால் விடியுமுன் கழுதைகள் பிரித்துவிடும். மூடியுள்ள பீப்பா வாங்குங்கள், மூடிமேல் ஒரு கல்லும் வையுங்கள்.