கண்டல் நட வரும் பிள்ளைகளுக்கு

காலநிலைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிற கற்பிட்டிப் பிள்ளைகளுக்கும், வெளியூரிலிருந்து கற்பிட்டிக்கு அருகிலுள்ள உச்சமுனைக்கு வள்ளம் ஏற நினைக்கிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். இந்தக் கரையில் கன காலம் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பொறுத்துக் கேளுங்கள்.

1. கிணற்றடியில் தொடங்குங்கள். உச்சமுனைக்கு ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். மழைநீர் அந்த மணலுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. நாங்கள் குடிப்பது அதைத்தான். மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறும். கடல்மட்டம் உயர்ந்தாலும் அந்த நல்ல தண்ணீர்தான் முதலில் குறையும். மார்கழியில் ஒரு வாய், ஆவணியில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எந்த வளவுக் கிணறு முதலில் உவர்க்கிறது என்பது தண்ணீர் அள்ளும் பெண்களுக்குத் தெரியும். கேட்டு, திகதி போட்டு, கொப்பியில் எழுதுங்கள்.

2. ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், துணி தேய்ப்பவர் எரிந்த கரியைத் தெருவில் கொட்டுவதைப் பார்த்துத்தான் சூரிய ஒளியில் ஓடும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்தார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். கிரேட்டா துன்பர்க் 2018 ஆகஸ்டில் சுவீடன் பாராளுமன்றத்தின் முன்னால் பலகையோடு தனியே உட்கார்ந்தபோது அவருக்கு 15 வயது. இருவருக்கும் மேடை பிறகுதான் வந்தது.

3. கண்டல் நடுவது பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டார்கள். ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 23 இடங்களைப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில்தான் கன்றுகள் தப்பியிருந்தன. 9 இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எத்தனை பேருடைய உழைப்பு, எவ்வளவு காசு! நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

ஏன் செத்தன? தண்ணீர் நெடுநேரம் நிற்கும் தாழ்ந்த சேற்றில் நட்டார்கள். இடத்துக்கு ஏற்ற இனத்தைப் பார்க்கவில்லை. நட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. சில கண்டல் இனங்களின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். பறித்துச் சேற்றில் குத்துவது சுலபம், படத்துக்கும் நன்றாக இருக்கும். அதனால் கண்ணா என்ற வேறு இனம் வளர வேண்டிய நிலத்திலும் அதையே குத்திவிடுகிறார்கள்.

நடுவதற்கு முன் கரையோரமாக நடந்து, தானாக முளைத்த இளங்கன்றுகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். அதற்குக் கீழே நடாதீர்கள். கடற்புல் படர்ந்த இடத்தில் நடவே வேண்டாம். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்வது அங்கேதான். புத்தளம் மாவட்டத்தில் 1980களிலும் 90களிலும் இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காட்டை வெட்டினார்கள். வெண்புள்ளி நோய் வந்தபின் பல பண்ணைகளைக் கைவிட்டுப் போனார்கள். அப்படிக் கிடக்கும் குளங்களின் வரம்பை உடைத்து வற்றும் பெருக்கும் வந்துபோக வழிவிட்டால் கண்டல் தானாகவே திரும்பும். ஆனைவிழுந்தான் சரணாலயத்தில் அந்த முறையைத்தான் கையாள்கிறார்கள். நடுவதைவிட இது மேல் என்பது என் முடிவு.

4. மீனவரைத் திட்டாதீர்கள். அவருடைய சின்ன வள்ளத்து எஞ்சின் குடிக்கும் மண்ணெண்ணெயையும், நுரைச்சோலையில் 900 மெகாவாட்டுக்கு எரியும் நிலக்கரியையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். 2011இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய அந்த மின்நிலையத்தின் தூசியைப் பற்றி, சோளகம் வீசும் மாதங்களில் அயல் கிராமங்களுக்குப் போய்க் கேளுங்கள். தங்கூசி வலையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். முதலில் மீனவருடைய வாடியில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள். கடன் யாரிடம், மீனுக்கு விலை வைப்பது யார் என்று கேளுங்கள். வலைப் பேச்சு பிறகு.

5. சட்டம் படியுங்கள். ஒரு திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அறிக்கை பற்றிய விளம்பரத்தைத் தவறவிட்டால் பிறகு கத்தி என்ன பயன்? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நாட்டின் பிரஜை எவரும் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள், தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். எப்பாவலை என்ற ஊரில் வரவிருந்த பொஸ்பேற்று அகழ்வுத் திட்டத்துக்கு எதிராக உயர் நீதிமன்றம் போய் 2000ஆம் ஆண்டில் வென்றவர்கள் அந்த ஊர்க்காரர்களே.

6. பள்ளிக்கூடத்தை விடாதீர்கள். இதில் பேச்சே இல்லை.

7. சிங்களமும் பழகுங்கள். இந்தக் கரையில் முஸ்லிம்கள், கத்தோலிக்கர், இந்துக்கள், பௌத்தர் எல்லோரும் வலை இழுக்கிறார்கள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 உயிர் போன பிறகு, கொழும்புக் குப்பை புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டுக்கு என்றார்கள். புத்தளத்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். அப்படியான நேரத்தில் பக்கத்து ஊருக்கு அதன் மொழியிலேயே விஷயத்தைச் சொல்ல ஆள் வேண்டும்.

8. மனம் விட்டுப்போகும். அப்போது கற்பிட்டிக்கு வெளியே கடலுக்குள் இருக்கும் முருகைக்கற்பாறைத் திட்டை நினையுங்கள். 1992இல் சரணாலயமாக்கிய இடம். 1998இல் கடல் சூடேறியபோது ஆழம் குறைந்த பகுதியில் முருகைக்கல் அனேகமாக எல்லாம் வெளுத்துச் செத்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் நிறைய மீண்டு வந்தது. 2016இல் மறுபடி சூடு, மறுபடி சாவு. மீளும் வலு அதற்கு இருக்கிறது, ஆனால் இரண்டு சூட்டுக்கு நடுவில் அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் உலகம் எரிக்கும் கரியிலும் எண்ணெயிலும் தங்கியிருக்கிறது. அதனால்தான் கிளாஸ்கோவில் பேசவும் ஆள் வேண்டும், இங்கே கன்று எண்ணவும் ஆள் வேண்டும்.

9. சோளகம் ஓய்ந்து கடல் அடங்கியதும் உச்சமுனைக்கு வாருங்கள். முதல் தடவை கன்று கொண்டுவர வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு பேனை, குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள். கொண்டுவந்த பிளாஸ்ரிக்கைத் திரும்ப எடுத்துப் போங்கள். அடுத்த வருஷமும் வாருங்கள்.