தூக்கிய சக்கரம்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போடிக்கு வந்தபோது உன் பட்டறையை எட்டிப் பார்த்தேன். ஏலத்தோட்டத்து ஜீப்பின் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் படுத்திருந்தாய். கைவேலை சுத்தம். ஆனால் மற்ற மூன்று சக்கரத்தில் ஒன்றுக்குக்கூடக் கட்டை கொடுக்கவில்லை. கேட்டதற்கு, “ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேண்ணே, கியரும் கிடக்கு” என்றாய். அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை.

வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாப்ட் கிளம்புகிற இடத்தில் ஒரு டிரம் இருக்கிறது. அது பிடிப்பது ஷாப்டைத்தான். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை அது போதும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால், ஷாப்ட் அசையாமல் நிற்கும்போதே தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருப்பது எதிர்ப்பக்கம் உருளும். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதானே. பிரேக் பிடித்தபடி இருக்க வண்டி நகரும். கியரில் போட்டாலும் அதுவும் அதே ஷாப்டைத்தான் பிடிக்கிறது.

இதை நான் போடிமெட்டு ஏற்றத்தில் கற்றேன். உன் வயதுதான் அப்போது. பஞ்சர் சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஜீப் மெல்ல அசைந்தது. ஜாக்கி சாய்ந்து, பிரேக் டிரம் தார் ரோட்டில் இறங்கியது. என் கை ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே முதலில் கட்டை, பிறகு ஜாக்கி. முன் ஹப்பை லாக்கில் வைத்து ஃபோர்வீலைப் போட்டால் முன் அச்சும் சேர்ந்து பிடிக்கும். அதையும் செய், ஆனால் கட்டைக்குப் பதிலாக அல்ல. தூக்கியபின் ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் போகவே போகாதே. செங்கல் வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

சின்ன லீவரையும் பார். டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் பெரிய கியர் எதில் கிடந்தாலும் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இல்லை. சக்கரத்திலேயே ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியானாலும் கேபிள் தளர்ந்திருந்தால் அதுவும் கை கொடுக்காது.

ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சத்தம் பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. ஃபோர்வீல் விழுந்திருந்தால் தரையில் உள்ள சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும். புதிய ‘தார்’ ஜீப்புகள் சிலவற்றில் பின் டிஃபரன்ஷியல் தானே பூட்டிக்கொள்ளும். தூக்கிய சக்கரம் வேகம் பிடித்ததும் பூட்டு விழும், தரைச் சக்கரத்துக்கும் இழுவை போய்விடும். ஓடவிட்டே பார்க்க வேண்டுமென்றால் நான்கையும் தூக்கு.

ஷாப்ட் கழற்றும்போது இன்னொன்று. ஃபோர்வீலோடு தார் ரோட்டில் வந்த ஜீப்பில், வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஓடிய தூர வித்தியாசம் முறுக்காக ஷாப்டுகளில் தேங்கிக் கிடக்கும். “லீவர் கழலமாட்டேங்குது” என்று டிரைவர் சொன்னால் அதுதான். அப்படியே போல்ட்டைத் தளர்த்தினால் ஷாப்ட் வெட்டித் திரும்பி விரலைப் பிடிக்கும். மண்தரையில் நாலடி பின்னுக்கு எடுத்து முறுக்கை விட்டுவிட்டு ஸ்பேனரைத் தொடு. பூட்டுவதற்கு அடையாளம் போட்டுக் கழற்று. ஓடும் ஷாப்டுக்குப் பக்கத்தில் தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டை எதுவும் கூடாது.

அந்த ஜீப்புகளில் விடியற்காலையில் மலையேறும் தோட்டத்து ஆட்களை நினைத்து நீ போல்ட்டை இரண்டு தடவை இறுக்குவதைப் பார்த்தேன். அதே அக்கறை உன் உடம்பின்மேலும் வேண்டும்.

பஸ்ஸில் ஒரு சாக்கு கொடுத்துவிட்டிருக்கிறேன். கருவேல மரத்தில் ஆப்பாகச் செதுக்கிய கட்டை நான்கு இருக்கும். சரிவில் கீழ்ப்பக்கம் முதலில் வை, டயரை ஒட்டித் தட்டி இறுக்கு.

அன்புடன்,
உன் அண்ணன்