காற்றோட்டமும் கிருமிகளும்

ரப்பர்ப் பாலை உறைய வைத்து, உருளைகளுக்கிடையே பிழிந்து, சீட்டுகளாக்கித் தொங்கவிடும் முறையைத் தோட்ட மக்கள் நன்கறிவர். ஈரம் வடியாத சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் என்னவாகும்? சில நாட்களில் பூசணம் பிடிக்கும், தரம் குறையும், விலையும் குறையும். ஆகவேதான் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, வெப்பமும் காற்றோட்டமும் உள்ள புகைக் கொட்டகையில் உலர்த்துகிறோம். சீட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நம் சமையலறைக்கும் பொருந்தும்.

நுண்ணுயிர்கள் வளர்ந்து பெருக நீர் இன்றியமையாதது. ஈரமான பொருளை ஒட்டி, நீராவி மிகுந்த மெல்லிய காற்றுப் படலம் ஒன்று நிற்கிறது. காற்று அசையாவிடில் அப்படலம் அங்கேயே தங்கி, நீர் மேலும் ஆவியாவதைத் தாமதப்படுத்துகிறது. வீசும் காற்று அப்படலத்தை அகற்றுவதால் பொருள் விரைவில் உலர்கிறது. ஆகவே, காற்று கிருமியை நேராகக் கொல்வதில்லை என்பதை நாம் உணர வேண்டும். கிருமிக்கு வேண்டிய ஈரத்தையே அது கவர்ந்து செல்கிறது.

ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ராபர்ட் கோக், 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காலரா நோயை ஆராய்ந்தார். அந்நோய்க் கிருமிகள் ஈரத்துணியில் பல்கிப் பெருகுவதையும், உலர்ந்தால் விரைவில் மடிவதையும் அவர் கண்டறிந்தார்.

ஆனால், எல்லாக் கிருமிகளும் இவ்வாறு மடிவதில்லை. உணவை நஞ்சாக்கும் சால்மொனெல்லா உலர்ந்த பரப்பிலும் பல நாட்கள் நிலைத்திருக்கும். வேறு சில, தடித்த உறையுடைய வித்துகளாக மாறி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பாத்திரத்தில் ஒட்டிய உணவும் கொழுப்பும் கிருமிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கும். எனவே சவர்க்காரமிட்டுக் கழுவுதல் முதற்பணி. உலர்த்துதல் அதனை அடுத்த பணி.

மழைக்காலத்தில் வேறொரு தடையும் உண்டு. காற்றே நீராவியால் நிறைந்திருக்கும்போது, அது எவ்வளவு வீசினாலும் துணி எளிதில் உலராது. அந்நாட்களில் சிறிது வெப்பமும் வேண்டும். புகைக் கொட்டகையில் நெருப்பு மூட்டுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இனி, வீட்டில் செய்ய வேண்டியவற்றைக் காண்போம். பாத்திரம் துடைக்கும் துணியைச் சுருட்டி வைக்காமல், துவைத்து விரித்துப் போடுக. வெட்டும் பலகையைக் கழுவி, இரு பக்கமும் காற்றுப் படும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். தட்டுகளை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் கூடாது. குழந்தையின் பால் புட்டியைக் கழுவிக் கொதிநீரில் இட்டபின், துணியால் துடைக்காமல் தூய இடத்தில் தானாகவே உலரவிடுவது நலம்.

காற்றினால் தீமையும் நேரக்கூடும். காய்ந்த தரையை வேகமாகப் பெருக்கினால், தூசியுடன் கிருமிகளும் மேலெழுந்து உணவின்மீது படியும். உணவை மூடி வைத்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, பின்னர் சன்னல்களைத் திறந்து தரையை உலரவிடுக.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், அதன் உடல் நீரை இழந்து வாடுகிறது. தாய் வேலைக்குச் செல்ல இயலாமல் அன்றைய வருமானமும் போகிறது. துணியை விரித்துப் போடவும் பலகையை நிமிர்த்தி வைக்கவும் நமக்குச் செலவு ஏதுமில்லை. சீட்டுக்குக் காட்டும் கவனத்தை நம் சமையலறைக்கும் காட்டுவோமாக.