புல்வெட்டும் இயந்திரத்தின் ஓசையும் அதன் பொருளும்

பெங்களூரில் ஹைதர் அலி 1760-ல் தோற்றுவித்த லால்பாக் தோட்டம் இன்று ஏறத்தாழ 240 ஏக்கர் பரப்புடையது. இத்தகைய பெருந்தோட்டங்களின் புல்வெளிகளுக்கு, ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம் ஏற்றதாகும். பல்லாண்டு உழைத்த இயந்திரத்தில் புதிய ஓசை எழுமாயின், எஞ்சினை உடனே பிரித்தல் முறையன்று. ஓசை பிறக்கும் இடத்தை முதலில் அறிதல் வேண்டும்.

முதற்கண் எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் குறைந்துளதா எனப் பார்க்க. பின்னர், வெட்டுத் தகடுகளின் இணைப்பை விடுவித்து எஞ்சினை மட்டும் ஓட்டுக. ஓசை அடங்கிவிடின், குறை பெரும்பாலும் தகடு, பெல்ட், பேரிங் ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. அவற்றைத் தொடுமுன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது.

ஓசை நீடிப்பின் அதன் தன்மையைக் கவனிக்க. நான்கு வீச்சு எஞ்சினில், கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது ஒரு வால்வு ஒருமுறையே திறக்கும். ஆகையால், வால்வின் இடைவெளி மிகுதியானால் எழும் ‘டிக், டிக்’ என்னும் மெல்லோசை, கிராங்க் தண்டின் வேகத்தில் பாதியளவே விரைந்து கேட்கும். இடைவெளியைச் சரிசெய்தால் அது தீரும்.

கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்தாலோ, கனத்த தட்டல் எழும்; சுமை ஏறுகையில் அது வலுக்கும். இதனைக் கேட்டவுடன் எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். ராடு முறியுமானால் எஞ்சின் கூடே பிளந்துவிடக்கூடும்.