பழைய ஜீப் வண்டிகளில் பிரேக் எண்ணெய்க் கசிவு

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் விதை, உரம், நெல் மூட்டை முதலியவற்றைக் கொண்டு செல்லப் பழைய ஜீப் வண்டிகளை இன்னும் உபயோகிக்கும் நிலமுடையோர் சிலர் உளர். பிரேக் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டால் மேலும் சிறிது ஊற்றிவிட்டு வண்டியை எடுப்பதே இவர்களிற் பலருக்கு வழக்கமாயிருக்கிறது. இது மிகவும் அபாயகரமான வழக்கம். என்ஜின் எண்ணெய் ஓட்டத்தில் எரிந்து குறையக்கூடும், பிரேக் எண்ணெயோ மூடிய குழாய்களுக்குள் நிற்பது, செலவாகும் வஸ்துவன்று. லைனிங் தேயுங்கால் மாதக்கணக்கில் மிகச் சிறிதளவே அதன் மட்டம் இறங்கும். அதற்கு மேற்பட்டு இறங்கினால் எங்கோ கசிவு உண்டென்றே கொள்ளவேண்டும்.

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் நெருக்குண்டு, அந்த அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று ஷூக்களை டிரம்மின் மேல் அழுத்துகிறது. பிற்கால வண்டிகளில் இக்குழாய்கள் இரண்டு தனிப் பிரிவுகளாய் இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று ஓரளவு உதவும். பழைய ஜீப்களிலோ பிரிவு ஒன்றே. ஆகையால் ஒரு சக்கரத்தின் ரப்பர் கப் கிழிந்தால் நான்கு சக்கரங்களும் பிரேக் இழந்துவிடும். கைப்பிரேக் கம்பியால் இயங்குவதால் அது மட்டும் மிஞ்சும். மெதுவாய்ச் செல்லும் வண்டியை அது நிறுத்தும், வேகமாய்ச் செல்லும் வண்டிக்கு அதை நம்பலாகாது. பழைய டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் கம்பிகளாலும் நெம்புகோல்களாலுமே இயங்குவதால் அவற்றிற்கு இக்குறிப்புகள் பொருந்தா.

இந்தக் கடற்கரைப் பகுதியில் கசிவுக்கு முக்கிய காரணம் துரு. பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கங்களில் வீசும் உப்புக் காற்று இரும்புக் குழாய்களை வெளியிலிருந்து அரிக்கின்றது. உள்ளிருந்தும் அரிப்பு உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தைப்போல் நீர் பெருகிச் சக்கரம் மூழ்க நின்ற வண்டியில், சில மாதங்களுக்குப் பின் வீல் சிலிண்டர் கசியத் தொடங்கினால் வியப்பில்லை. மற்றொரு காரணம் மனிதர் செய்யும் பிழை. அவசரத்துக்கு என்ஜின் எண்ணெயையோ டீசலையோ ஊற்றினால் ரப்பர் கப்கள் உப்பிக் கெட்டுவிடும். முற்காலத்தில் ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்து பிரேக் எண்ணெய் செய்ததுண்டு. அதைக் கேள்வியுற்று இக்காலத்துச் சிலிண்டரில் ஆமணக்கெண்ணெய் ஊற்றலாகாது.

கசிவைக் கண்டுபிடிக்க, வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து, பெடலை ஒரு நிமிஷம் பலமாக மிதித்தபடி இருக்கவேண்டும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மெல்லமெல்ல இறங்கிக்கொண்டே போனால் எண்ணெய் எங்கோ வழிகிறது. வெளியில் ஈரமே காணாவிடின் மாஸ்டர் சிலிண்டரின் உட்கப் பழுதாயிருக்கும். பின்பு சக்கரங்களின் உட்புறத்தையும், ரப்பர்க் குழாய்களையும், சட்டத்தை ஒட்டிச் செல்லும் இரும்புக் குழாய்களையும், ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழுள்ள மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்கவேண்டும். சக்கரத்தருகே கண்ட ஈரம் அச்சிலிருந்து வரும் கியர் எண்ணெயாகவும் இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் சில துளிகளை விட்டால் உண்மை விளங்கும்: சாதாரணப் பிரேக் எண்ணெய் கரைந்துவிடும்; கியர் எண்ணெய் மிதக்கும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியை ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்ததுண்டு, அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கவேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் உட்புறம் நனைந்திருப்பது தெரியும். உட்சுவர் வழவழப்பாயிருந்தால் மட்டுமே கப்களை மாற்றுவது போதும். விரலுக்குக் குழிகள் தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்றவேண்டும். இங்கே சிக்கனம் பார்ப்பவர் அதே வேலையை மறுபடியும் செய்ய நேரும். எண்ணெயில் ஊறிய லைனிங்கைத் துடைத்தோ தீயில் காய்ச்சியோ பயனில்லை. அதே அச்சின் இரு பக்கங்களிலும் புதிதாக மாற்றாவிடில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அரித்த குழாய்க்கு நாடா சுற்றுவதும், பசை பூசுவதும், சக்கரத்துக் குழாயை நசுக்கி அடைத்து ஓட்டுவதும் அடாத செயல்கள். பாகங்களைக் கழுவப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஆகாது. புதிய பிரேக் எண்ணெயே ஏற்றது.

எல்லாம் பூட்டியபின் காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அதன் நிப்பிளில் ஒரு சிறு குழாயை மாட்டி, மறுமுனையைப் பிரேக் எண்ணெய் உள்ள புட்டியில் அமிழ்த்தவேண்டும். ஒருவர் பெடலைச் சிலமுறை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடலை விடுமுன்பே மூடவேண்டும். குமிழிகள் நிற்கும் வரை இவ்வாறு செய்க. இடையில் எண்ணெய்க்கலம் வறண்டால் காற்று மீண்டும் புகும். வண்டிக்குக் குறித்த தர எண்ணெயை, முத்திரை பிரியாத புட்டியிலிருந்தே ஊற்றவேண்டும். வடிந்ததைத் திரும்ப ஊற்றலாகாது. வர்ணத்தின் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுக.

வெள்ள காலத்தில் ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் செல்ல ஊரிலுள்ள வண்டிகளை உதவிக்கு அழைக்கும் கிராம நிர்வாக அலுவலர்கள், டயரையும் டீசலையும் விசாரிப்பதுபோல் இந்த எண்ணெய் மட்டத்தையும் திறந்து பார்த்துக்கொள்வது நலம். பழுது நீக்கிய வண்டியை முதலில் ஆளில்லாக் களத்தில் மெதுவாய் ஓட்டி நிறுத்திப் பார்த்து, இரவு முழுவதும் சக்கரங்களின் கீழ் காகிதம் விரித்து வைக்கவேண்டும். காலையில் காகிதம் உலர்ந்திருந்தால் வெள்ளாற்றுப் பாலம் ஏறலாம்.